எங்கள் வேனுக்குள் பச்சை டீசல் எப்படி வந்தது

1

எங்கள் வேனை வரி இலாகாக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் மறந்துபோகிற குடும்பம் எங்களுடையது. இதை மட்டும் மூன்று பேருமே மறக்கவில்லை. மூன்று பேருமே வாயைத் திறக்கவும் இல்லை.

நேற்று பங்கில் டீசல் போட்டுக்கொண்டிருந்தேன். அயர்லாந்தில் பங்கில் ஊற்றிக்கொடுக்க ஆள் கிடையாது. நாமே இறங்கி, நாமே குழாயை எடுத்து, நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். அடுத்த வண்டிக்காரர் என் வேனைப் பார்த்தார். பின்னால் டிரெய்லரில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த சின்ன பொக்லைனைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். நம்ம ஊர் முகத்தோடு ஒரு பொம்பளை பொக்லைன் இழுத்துக்கொண்டு போவது அவருக்குப் புதுசாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் கேட்பதற்கு முன்னால் நானே போய், "இது ரோட்டு டீசல்தான் சார், நல்லா பாத்துக்குங்க" என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் புரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

2

நான் வசந்தி, கும்மிடிப்பூண்டிக்காரி. வீட்டுக்காரர் பாஸ்கருக்கு சோழவரம் பக்கம். மகள் கயல் இங்கே கல்லூரியில் படிக்கிறாள். பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுப்பது எங்கள் தொழில். சமையலறையைப் பின்பக்கம் நீட்டுவது, கழிவுநீர்க் குழாயை மாற்றுவது, தோட்டத்தில் கல் பதிப்பது என்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். இந்த ஊர் வீடுகளுக்குப் பக்கவாட்டில் ஓர் ஆள் போகிற சந்துதான் இருக்கும். பெரிய பொக்லைன் உள்ளே நுழையாது. அதனால் சந்துக்குள் புகுந்து போகிற சின்ன பொக்லைனை வாடகைக்கு எடுப்போம். நம்ம ஊர் ஆட்டோவைவிட அகலம் குறைச்சல். அது சிமெண்ட்டுத் தரையில் ஊர்ந்து போவதைப் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். எடை மட்டும் பொம்மை எடை கிடையாது.

அதை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. டிரெய்லரில் ஏற்ற வேண்டும். இரண்டு பலகைகளைச் சாய்த்து, பாஸ்கர் மெதுவாக மேலே ஓட்டி, மண் அள்ளுகிற பக்கெட்டை மடக்கிப் படுக்கவைப்பார். நான் நாலு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்குவேன். அந்த எடை டிரெய்லரை இழுக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். அதற்குத் தனிப் பரீட்சை. ஊரில் பொக்லைனே ஓட்டியவர் பாஸ்கர், அவர் இரண்டு தடவை ஃபெயில். டிரெய்லரோடு பின்னால் வரச் சொன்னால் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிவிடுவார், கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். நான் முதல் தடவையே பாஸ். அதனால் இழுப்பது நான், தோண்டுவது அவர் என்று ஏற்பாடு.

இனிதான் டீசல். இங்கே டீசலுக்கு இரண்டு நிறம். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு முழு வரி கட்டிய டீசல். அதை வெள்ளை என்பார்கள். டிராக்டர், பொக்லைன் மாதிரி வேலை இயந்திரங்களுக்கு வரி குறைந்த டீசல். யாரும் அதை வண்டிக்கு ஊற்றிவிடக் கூடாது என்று பச்சைச் சாயம் கலந்து வைத்திருப்பார்கள். இரண்டுமே டீசல்தான், இரண்டிலும் வண்டி ஓடும். ஆனால் வேனுக்குள் பச்சை இருந்தால் அது வரி ஏய்ப்பு. ரோட்டில் நிறுத்தி டேங்கில் குழாய் விட்டு உறிஞ்சிப் பார்ப்பார்கள்.

இதை முதல்முதலாகக் கேட்டபோது பாஸ்கர் சிரித்தார். "ரெண்டும் டீசல்தான? பச்சையா இருந்தா இன்னா, செவப்பா இருந்தா இன்னா?" என்றார்.

அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. பிரச்சினையே அதுதான்.

3

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் எடுக்கிற இடம் அது. ஜெனரேட்டருக்கும் வண்டிகளுக்கும் நான்தான் டீசல் கொடுப்பேன். காலையில் டிரம்மில் குச்சி விட்டு அளப்பது, மறுபடி சாயங்காலம் அளப்பது. எல்லோரும் என்னைக் 'குச்சி மேடம்' என்றார்கள். ஷிஃப்ட் முடிந்தால் வாசலில் என் டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். அதை யாரும் அவமானமாக நினைக்கவில்லை. அங்கே அது குட்மார்னிங் சொல்கிற மாதிரி.

கான்ட்ராக்டர் ஒருவரின் பொக்லைனோடு அஸ்திவாரக் குழி தோண்ட வந்தவர் பாஸ்கர். முதல் நாளே நான் அவர் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் டீசல் கொடுத்தேன். மற்ற டிரைவர்கள் என்றால் முறைப்பார்கள். இவர் மட்டும், "மேடம், குச்சிய தொடச்சிட்டு வுடுங்க, உள்ள தூசு போயிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் பேச்சு ஆரம்பித்தது. பிறகு கல்யாணம், கயல், அப்புறம் இந்த மழை நாடு.

4

ஷீலா என்ற டீச்சர் வீட்டு வேலை அது. பெயரைக் கேட்டு பொன்னேரிப் பெண் என்று நினைக்க வேண்டாம், அசல் ஐரிஷ்காரி. அவர் வீட்டுப் பின்பக்கம் கழிவுநீர்க் குழாய் வெடித்து, கழிப்பறையைப் பூட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். காலையிலேயே வந்துவிடுகிறோம் என்று சொல்லியிருந்தோம். நான் ஓட்டினேன், பாஸ்கர் பக்கத்தில் இருந்தார், பொக்லைன் பின்னால் வந்தது. ஊருக்கு வெளியே ரவுண்டானா தாண்டியதும் மஞ்சள் சட்டை போட்டவர்கள் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார்கள்.

உயரமான ஓர் அதிகாரி ஜன்னலில் குனிந்தார். லைசென்ஸைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு ஆங்கிலத்தில், "அவள் என்ன குடிக்கிறாள்?" என்று கேட்டார்.

எனக்கு சுருக்கென்றது. கயலைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பெண் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டாள், அதை இவர் வந்து நடுரோட்டில் கேட்கிறார்! "எங்க வீட்ல யாருக்கும் அந்தப் பழக்கம் இல்ல, சார். அவ படிக்கிற பொண்ணு" என்றேன்.

பாஸ்கர் என் தொடையில் இடித்தார். "வண்டிய கேக்கறாருடி. வண்டிக்கு இன்னா டீசல்னு கேக்கறாரு."

இந்த ஊரில் வண்டி, மெஷின், படகு எல்லாமே 'அவள்'தான். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் அவர் டேங்க் மூடியைத் திறந்து குழாயை விட்டார். கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உடனே சிரிப்பு நின்றது. இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளிறிப்போய் இருந்தாலும் பச்சை பச்சைதான்.

நான் பாஸ்கரைப் பார்த்தேன். அவர் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேனை அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். சாம்பிள் லேபுக்குப் போகும், டேங்கில் இது எப்படி வந்தது என்று எழுத்தில் விளக்கம் கொடுங்கள் என்றார்கள். வாடகைக்குக் கொடுத்தவர் வேறு வண்டி அனுப்பி டிரெய்லரையும் பொக்லைனையும் இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் இரண்டு பேரும் மழையில் பஸ்ஸுக்கு நின்றோம். ஷீலாவுக்கு போன் செய்து பாஸ்கர்தான் பேசினார்.

அப்போது எங்கள் குடியுரிமை மனு பரிசீலனையில் இருந்தது. நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. வரி ஏய்ப்பு என்று ஒரு கேஸ் விழுந்தால் இத்தனை வருஷம் பொறுத்திருந்ததெல்லாம் என்ன ஆகும்?

5

வேன் சாவி மூன்று பேரிடம்தான் உண்டு. நான் ஊற்றவில்லை. கயலுக்கு டேங்க் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மீதி யார்?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்பக்க ஷெட்டைத் திறந்தேன். பொக்லைனுக்காக ஒரு கேன் பச்சை டீசல் அங்கே இருக்கும். யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று நானே அதன்மேல் ஆங்கிலத்தில் 'கிரீன்' என்று பெரிதாக எழுதிவைத்திருந்தேன். ஒரு குச்சியைத் தேடி எடுத்து உள்ளே விட்டேன். நிரப்பி வைத்த கேனில் பாதிதான் இருந்தது. இடையில் நாங்கள் பொக்லைனே எடுக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் ஷெட் வாசலில் பாஸ்கர் நிற்கிறார்.

"இன்னா பண்ற?"

"கேன்ல பாதி காணோம்யா."

"நான் தொடவே இல்ல."

"நீதான சொன்ன, பச்சையா இருந்தா இன்னான்னு."

"வாயில சொன்னா ஊத்திடுவனா?"

அவர் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். குற்றம் செய்தவன் மாதிரி பேசாமல் போகிறாரே என்று நினைத்தேன். கத்தியிருந்தால், குற்றம் செய்தவன் மாதிரி கத்துகிறாரே என்று நினைத்திருப்பேன்.

தம்பி கோபி தொழிற்பேட்டையில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறான். போனில் அவனிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. "இன்னாக்கா, அங்க போயும் டீசல் பேஜாரா?" என்றான். "இங்க நாங்க லாரில படுத்துக்கினு இருக்கும்போதே டியூப் வுட்டு உறிஞ்சினு போயிடறானுங்க. ஆனா அது வெளி ஆளு. உனுக்கு ஊட்டுக்குள்ளயே நடந்துகீது. மாமா மேல ஒரு கண்ணு வச்சிக்க. எங்கனா வெளிய விக்கிறாரோ இன்னாவோ."

விற்கிறாரோ என்ற வார்த்தை மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமைகளில் மத்தியானம் சாப்பிட்டதும் அவர் எங்கேயோ போய்விட்டு வருவது அப்போதுதான் உறைத்தது. கேட்டால், "சாமான் பாக்கப் போனேன்" என்பார். சாமான் எதுவும் வந்ததில்லை. அவர் மழைக்கோட்டை முகர்ந்து பார்த்தேன். டீசல் வாசனை அடித்தது. பொக்லைன் ஓட்டுகிறவன் கோட்டில் மல்லிகைப்பூ வாசனையா அடிக்கும்? அப்படி யோசிக்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

பஸ் பிடித்து, பொக்லைனை வாடகைக்குக் கொடுத்து அதற்குப் பச்சை டீசலும் விற்கிறவரின் யார்டுக்கே போனேன். எங்கள் வீட்டுக்காரர் தனியாகக் கேனில் டீசல் வாங்கிப் போகிறாரா என்று நேராகவே கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "டீசல் எதுவும் வாங்கவில்லை" என்றார். அப்படியானால் சனிக்கிழமை இங்கே வருகிறாரா என்றேன். "அதை அவரிடம் கேளுங்கள், உங்கள் கணவர்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இவரும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் நாஷ்டாவுக்கு உப்புமா வைத்துக்கொண்டே, "சனிக்கிழமை அந்த யார்ட்ல உனுக்கு இன்னா வேல?" என்றேன்.

பாஸ்கர் தட்டைத் தள்ளிவைத்தார். "அங்க போய் விசாரிச்சியா?"

"ஆமா."

"ஊர்ல என் டேங்க்ல குச்சி வுட்டுப் பாத்த. அப்ப உனுக்கு கம்பெனி சம்பளம் குடுத்தான், பாத்த. இங்க எவன் சம்பளம் குடுக்கறான் வசந்தி?"

அன்றிலிருந்து அவர் தட்டை ஹாலுக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட ஆரம்பித்தார். நாங்கள் கத்திக்கொள்ளவில்லை. பேசவேண்டியதை எல்லாம் வேகவேகமாக ஊர்த் தமிழில், கயலுக்குப் பிடிபடாத வேகத்தில் பேசி முடித்துக்கொண்டோம். அவளுக்குப் புரியாது என்றுதான் நினைத்தோம்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. கயல் படி இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹாலில் இருந்த அப்பாவையும் கூப்பிட்டாள்.

"நான் சொல்லிட்டேன்" என்றாள்.

"யார்கிட்ட? இன்னாத்த?"

"அந்த ஆபிசர் கிட்ட. மெயில் அனுப்பிட்டேன். வேன்ல அந்த டீசல் போட்டது நான்தான்."

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் அவளுடைய உடைந்த தமிழில், இடையிடையே ஆங்கிலத்தில் சொன்னாள். சிநேகிதி ஒருத்தி வீடு மாற்றினாளாம். சோபாவை ஏற்றிக்கொண்டு போக வேனை எடுத்திருக்கிறாள். கிளம்பும்போதே டீசல் விளக்கு எரிந்திருக்கிறது. ஷெட்டில் கேன் இருந்தது, எடுத்து ஊற்றிவிட்டாள். பிறகு பாஸ்கர் வழக்கம்போல பங்கில் வெள்ளை டீசல் நிரப்பியிருக்கிறார். இரண்டும் கலந்துதான் குப்பியில் வெளிறிப்போய்த் தெரிந்திருக்கிறது.

"கேன் மேல நான் 'கிரீன்'னு எழுதி வச்சிருந்தேனேடி!"

"ஆமாமா. கிரீன்னா சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

பாஸ்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீஸ்காரனிடம் ஒப்புக்கொண்டுவிட்டாளே! நாங்கள் வளர்ந்த இடத்தில் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை ஆபீஸில் சொல்ல மாட்டோம். கேட்டதற்கே பாதிதான் சொல்வோம்.

"ஏண்டி, அவன்கிட்ட சொல்றதுக்கு முன்னால எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீ பத்து கேள்வி கேப்ப. அவங்க ஒரு கேள்விதான் கேட்டாங்க." மேஜைமேல் இருந்த தட்டை ஓரமாகத் தள்ளினாள். "நீங்க சண்டை போட்டது டீசலுக்குன்னு எனக்கு முதல்ல தெரியல. டிவோர்ஸ்னு நெனச்சேன். அப்புறம் 'கேன், கேன்'னு சொன்னது காதுல விழுந்தது."

அப்போதாவது நான் அவளை அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. "யாரு அந்த ஃப்ரெண்டு? நிஜமாவே பொண்ணுதானா?"

கயல் என்னைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றாள். அவ்வளவுதான். மாடிக்குப் போய்விட்டாள்.

7

நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அபராதம் விதித்தார்கள், கட்டினோம், வேனைத் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்கு இல்லை. குடியுரிமை அலுவலகத்துக்கு இதைச் சொல்லவேண்டாம், அவர்களாகக் கண்டுபிடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன் நான். கயல் முடியாது என்றாள். பாஸ்கர் அவள் பக்கம். நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினோம். பல மாதம் தபால்காரரின் காலடிச் சத்தத்துக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் இரண்டு பேருக்கும் குடியுரிமை வந்துவிட்டது. எங்கேயாவது தப்பாக அனுப்பிவிட்டார்களோ என்று பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சனிக்கிழமை விஷயமும் வெளியே வந்தது. நான் கேட்காமல் பாஸ்கராகவே ஒரு நாள் சொன்னார். இரண்டு தடவை ஃபெயில் ஆன வெட்கத்தில், யார்டுக்காரரிடம் கெஞ்சி, அவர் இடத்துக்குள்ளேயே டிரெய்லரைக் கட்டிப் பின்னால் எடுத்துப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். "பாஸ் பண்ணிட்டு உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். யார்டுக்காரர் ஏன் பதில் சொல்லாமல் உள்ளே போனார் என்பது அப்போதுதான் விளங்கியது.

கயல் இப்போது கல்லூரி பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சிநேகிதியோடுதான். பெண்தான். வாராவாரம் கூப்பிடுகிறாள். பேச்சு, என்ன சாப்பிட்டாய் என்பதற்கு மேல் போவதில்லை. ஏதாவது கேட்கலாமென்று வாயெடுத்தால், அது அவளுக்கு எத்தனையாவது கேள்வியாகப் படுமோ என்று விழுங்கிவிடுகிறேன்.

8

பங்கிலிருந்து பொக்லைனோடு யார்டுக்குப் போனேன் நேற்று. அங்கே பாஸ்கர் காத்திருந்தார். போன மாதம்தான் அவர் பரீட்சை பாஸ் செய்தார். அடுத்த ஊரில் ஒரு வேலை, அங்கே அவரே இழுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. யார்டுக்காரர் பக்கெட்டை வேறு அளவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் ஒரு மூலையில் சங்கிலியை இறுக்கிக்கொண்டிருந்தேன், பாஸ்கர் எதிர் மூலையில்.

"ஒரு வருஷமா கேக்கணும்னு இருந்தேன்" என்றார், சங்கிலியைப் பார்த்துக்கொண்டே. "கயல் அன்னிக்கு சொல்லாமயே இருந்திருந்தா, நீ என்னை நம்பிருப்பியா?"

நல்ல பதில் ஒன்று வாயில் தயாராக வந்தது. எந்தப் பெண்டாட்டியும் சொல்கிற பதில்தான். அதைச் சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். ஆனால் ஒரு வருஷம் வைத்திருந்து கேட்கிற மனுஷனிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்ல" என்றேன். "நம்பிருக்க மாட்டேன்."

அவர் சங்கிலியை இன்னொரு முறுக்கு முறுக்கினார். "தெரியும்."

"தெரிஞ்சினே ஏன் கேட்ட?"

"பொய் சொல்றியா பாக்கலாம்னுதான்."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் ஏறினேன். அந்தச் சீட்டில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாக பிரேக்கைத் தேடியது. அவர் அதைக் கவனித்தார். ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே நேர் ரோடு வந்தது. பக்கக் காற்று வேனை ஒரு தள்ளு தள்ளியது.

"வசந்தி, உன் பக்கம் கண்ணாடியில பாரு. பின்னால டிரெய்லர் ஆடுதா?"

கண்ணாடி என் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் திரும்பவில்லை. முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆடல, நீ போ" என்றேன்.